கக்கூஸ் திறந்த தேதி

அமைச்சர் ஒருவர் அவையில் கொடுக்கும் உறுதிமொழி, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். இயலாவிட்டால், காரணத்தை எழுத்தில் தெரிவித்து உறுதிமொழிக் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். என் காலத்தில் விதி இப்படித்தான் இருந்தது. நல்ல விதி. எழுதியவருக்கு மொழி தெரிந்திருந்தது. அரசாங்கத்தைத்தான் தெரிந்திருக்கவில்லை.

சபைச் செயலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இந்த விதியை முதல் வாரமே படித்து, அடிக்கோடும் போட்டிருப்பீர்கள். முதல் பாதிக்கு அடிக்கோடு போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். அது விருந்தாளிகள் பார்ப்பதற்கு. துறைகள் குடித்தனம் நடத்துவது இரண்டாவது பாதியில். ‘காரணம்’ என்று ஒரு சொல் அங்கே இருக்கிறதே, அதில் ஒரு துறை தன் பிள்ளைகுட்டிகளோடு பல வருஷம் சௌகரியமாக வசிக்கலாம். வசித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பம்பாயில், உறுதிமொழிக் குழுவுக்கு வேலை செய்யும் பிரிவில் நான் இருந்தேன். மாட்டுங்காவில் வீடு. லோக்கல் ரயிலில் வி.டி. ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து நடை. அவையில் அமைச்சர்கள் பேசியதையெல்லாம் படித்து, எங்கே வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொறுக்கி எடுத்து, அது நடந்ததா என்று துறையைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் எங்கள் உத்தியோகம். அரசாங்கத்தை மக்கள் சபை கண்காணிக்கிறது என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி வரும். அந்த வரிக்குப் பின்னால் நாலு மேஜையும் ஒரு மின்விசிறியும் இருந்தன. மின்விசிறி ஓடாது.

1963-ம் வருஷத்து பட்ஜெட் கூட்டத்தொடரில், கேள்வி நேரம் முடியப் போகும் சமயத்தில், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டார்: தாராவியில் ஒரு சந்தில் பெண்களுக்கென்று பொதுக் கக்கூஸ் கட்டி, தீபாவளியோடு வேலை முடிந்துவிட்டது, இன்னும் ஏன் பூட்டிக் கிடக்கிறது? திறப்பு விழாவுக்கு ஏற்பாடு நடக்கிறது என்றார் அமைச்சர். எப்போது திறப்பீர்கள் என்று ஒரு துணைக் கேள்வி. அமைச்சருக்குப் பசி நேரம். “மூன்று மாதத்துக்குள் திறக்கப்படும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதிகாரிகள் பகுதியில் இருந்த துறையின் உயர் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். ‘ஆவன செய்யப்படும்’ என்று சொல்லலாம், ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று சொல்லலாம், ‘விவரம் சேகரிக்கப்படுகிறது’ என்று ஆயுள் முழுக்கச் சொல்லலாம். காலக்கெடு மட்டும் சொல்லக்கூடாது. அமைச்சர்களுக்குத் துறை சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான். இந்த அமைச்சர் அன்றைக்கு வகுப்புக்கு வரவில்லை போலிருக்கிறது.

பூட்டின் கதையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அரசாங்கம் கட்டியது எதுவானாலும், அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டாமல் ஜனங்கள் அதைத் தொடக்கூடாது என்பது எங்கும் எழுதப்படாத வழக்கம். எழுதிய விதிகளை மீறுகிறவர்கள் இந்த எழுதாத விதியை மீறியதே இல்லை. கட்டிடத்தின் வாசலில் ஒரு கல் பதித்து, அமைச்சரின் பெயரைப் பெரிதாக வெட்டி, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அமைச்சரோ, கக்கூஸ் வாசலில் கத்தரிக்கோலோடு நிற்கும் தன் படம் பத்திரிகையில் வருவதை விரும்பவில்லை. அவரைத் தாண்டி வேறொருவர் திறப்பதையும் விரும்பவில்லை. அவர் பெயர் கல்லில் இருக்கும்போது வேறு யார் துணிவார்கள்? ஆகவே பூட்டு. துறையின் காகிதங்களில் அதற்கு ‘பொதுச் சுகாதார வசதிக் கட்டிடம்’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் ஒருநாளாவது அதற்காக வரிசையில் நின்றிருக்க மாட்டார்.

இதெல்லாம் எனக்குக் காகிதத்தில் தெரிந்ததைவிட, செல்லத்தாய் வாயால் தெரிந்ததுதான் அதிகம். மாட்டுங்கா மார்க்கெட் ஓரத்து நடைபாதையில் அவள் வாழைப்பூ, வாழைத்தண்டு, கீரை விற்றுக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வீடு தாராவியில், அதே சந்தில். நான் சட்டசபையில் வேலை பார்க்கிறேன் என்று என் வீட்டுக்காரி என்றைக்கோ பெருமையாகச் சொல்லிவைத்தாள். அந்தப் பெருமைக்கு மூன்று வருஷம் நான் வட்டி கட்டினேன்.

“என்ன சாமி, இன்னைக்கும் சபைக்குப் போறியளா?”

“ஆமாம்.”

“அங்க என்னதான் பண்ணுதிய?”

“கேட்டிருக்கோம், செல்லத்தாய். பதில் வரணும்.”

“மந்திரி வருவாவ, தொறப்பாவன்னு சொல்லுதாவ. அதுவரைக்கும் சந்தே அடக்கிக்கிட்டு இருக்கணுமோ?”

பக்கத்தில் தேங்காய் விற்பவன் சிரிப்பான். நான் சில்லறையைக் கொடுத்துவிட்டு வேகமாக நடப்பேன். அவர்கள் சந்துப் பெண்கள் விடியுமுன் எழுந்து தண்டவாளத்து ஓரத்துக்குத்தான் போக வேண்டும்; விடிந்துவிட்டால் அன்றைக்கு இருட்டும்வரை பொறுக்க வேண்டும். முந்தின மழையில் ஒருத்தி அந்தச் சரிவில் வழுக்கி விழுந்து, பிறகு எழுந்து நடக்கவேயில்லை. நல்ல சேதி இல்லாத நாளில் செல்லத்தாய் எனக்கு வாடிய வாழைப்பூவாகப் பார்த்துக் கொடுப்பாள். அந்த வருஷம் முழுவதும் எங்கள் வீட்டில் கறுத்த வாழைப்பூதான்.

துறையிலிருந்து அவகாசம் கேட்டுக் கடிதங்கள் வந்தன. முதலில் அமைச்சரின் சுற்றுப்பயணம். அடுத்து மழைக்காலம் விழாவுக்கு உகந்ததல்ல. (மழைக்காலம் தண்டவாளத்துச் சரிவுக்கு உகந்ததா என்று ஒரு கடிதத்தில் எழுதினேன். என் மேலதிகாரி அதை அடித்துவிட்டார். அவர் அடித்ததும் சரிதான். கேலி பண்ணினால் அவர்களுக்குக் கோபித்துக்கொள்ள ஒரு வசதி கிடைத்துவிடும்.) பிறகு கல்லை மெருகேற்ற வேண்டியிருக்கிறது. உண்மைக் காரணத்தை மட்டும் அவர்களால் எழுத முடியாது. உறுதிமொழிப் பட்டியலில் அந்த வரி ‘நிலுவை’ என்றே ஒரு வருஷம் கிடந்தது.

அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடர் வந்தது. செல்லத்தாயின் மருமகள் அப்போது ஆறு மாதம். தலைப்பிரசவம். “இவ வயித்தத் தூக்கிக்கிட்டு இருட்டுல தண்டவாளத்துக்குப் போயிட்டு வாரதுக்குள்ள எனக்கு உசிரு போய் உசிரு வருது, சாமி. மழைக்கு முன்னால தொறந்துட்டா இந்த வருசம் தப்பிச்சோம்” என்றாள். அன்றைக்குக் கேலி எதுவும் பண்ணவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

குழு நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. நேரில் பார்ப்பதைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாக வரும் எல்லோருக்கும் அதில் ஆசை இருக்கிறது. காகிதம் பொய் சொல்லும், கண் பொய் சொல்லாது என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. சபைக்கு அனுப்பும் எழுத்தில் பொய் சொல்ல அரசாங்கம் பயப்படும். சொன்னால் உரிமை மீறல் பிரச்சினை வரும், யாராவது ஒருவர் தலை உருளும். ஸ்தலத்தில் பொய் சொல்ல அதற்குப் பயமே இல்லை. ஒரு வாளி பினாயில் போதும்.

பினாயில் மட்டுமா? நாங்கள் போனபோது சந்து முழுவதும் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தார்கள். கக்கூஸ் கதவுகள் விரியத் திறந்திருந்தன. உள்ளே ஊதுவத்தி. கதவு நிலையில் மாவிலைத் தோரணம். எதிரே ஷாமியானாப் பந்தல் போட்டு, குழு உறுப்பினர்களுக்கு நாற்காலி, டீ, சூடான மிளகாய் பஜ்ஜி. கக்கூஸ் வாசலில் உட்கார்ந்து பஜ்ஜி தின்ற மக்கள் பிரதிநிதிகளை நான் அன்றுதான் பார்த்தேன். ஒருவர் இரண்டாவது தட்டும் வாங்கிக்கொண்டார்.

சந்துப் பெண்களைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து ஒரு குரல் வந்தது. எனக்குத் தெரிந்த குரல்.

“உள்ள போய் நல்லாப் பாருங்கய்யா! எப்படி இருக்குன்னு எங்களுக்கும் சொல்லிட்டுப் போங்க. நாங்க உள்ள பாத்ததில்ல!”

அந்த அம்மா என்ன சொல்கிறாள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். வரவேற்கிறாள் என்று மொழிபெயர்த்தார் துறையின் உயர் அதிகாரி. அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் குழுத் தலைவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுத் தலைவர் கரும்பு விளையும் பக்கத்து ஆள். மடியில் புகையிலை டப்பா, காலில் தேய்ந்த செருப்பு. கூட்டங்களில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தூங்குகிறாரா யோசிக்கிறாரா என்று எங்களுக்குள் பந்தயமே உண்டு. என்னை ‘மதராசி சாஹேப்’ என்றுதான் கூப்பிடுவார். காரில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டார்.

“மதராசி சாஹேப், கயிற்றுக்குப் பின்னாலிருந்து கத்தினாளே, அந்தப் பாயி என்ன சொன்னாள்?”

சொன்னேன். அவர் புகையிலையைக் கசக்கினார்.

நாங்கள் திரும்பிப் போன அரை மணி நேரத்தில் பூட்டு மறுபடி தொங்கியது. மறுநாள் காலை வாழைப்பூவோடு அந்தச் சேதியும் எனக்கு வந்து சேர்ந்தது. இதற்கிடையில், குழுக் கூட்டத்தில் ஆளும்கட்சி உறுப்பினர் ஒருவர், இரண்டு தட்டு பஜ்ஜி தின்றவர்தான், ‘குழு நேரில் பார்வையிட்டது, உறுதிமொழி நிறைவேறிவிட்டது’ என்று எழுதி இந்த வரியை முடித்துவிடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் கண்ணால் பார்த்தவர்கள் அல்லவா?

தலைவர் கண்ணைத் திறக்காமலே, “முடித்துவிடலாம். அதற்கு முன்னால் அதிகாரியை ஒரு தடவை சாட்சியத்துக்குக் கூப்பிடுவோம். நல்ல வேலை செய்திருக்கிறார், நம் முன்னால் வந்து சொல்லட்டும்” என்றார். நல்ல வேலை என்றதும் ஆட்சேபிக்க யாருக்கும் தோன்றவில்லை.

சாட்சியத்துக்கு வேண்டிய கேள்விகளைத் தயாரித்துத் தலைவரிடம் கொடுப்பது அலுவலகத்தின் வேலை. நான் பக்கம் பக்கமாகத் தயாரித்தேன். திட்ட மதிப்பீடு, ஒப்புதல் வந்த விதம், விழா யார் யோசனை, கல்லுக்கு யார் உத்தரவு, பூட்டின் சாவி யாரிடம் என்று சுற்றி வளைத்து வேலி கட்டியிருந்தேன். தப்ப முடியாது என்று நம்பினேன். தலைவர் அந்தக் கட்டை வாங்கி, ஒரு முறை கையில் எடை பார்த்து, புகையிலை டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

உயர் அதிகாரி மூன்று கோப்புகளோடும் இரண்டு உதவியாளர்களோடும் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தார். தலைவர் அவருடைய உடம்பை விசாரித்தார். பிள்ளைகள் படிப்பை விசாரித்தார்.

“ரிடையர் ஆக இன்னும் எவ்வளவு நாள்?”

“இரண்டு வருஷம், சாஹேப். ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தநாள்.”

“ஜூன் ஒன்றா? எனக்கும் அதேதான். உங்கள் ஊர் வாத்தியாரும் சோம்பேறியா?”

அறை முழுவதும் சிரித்தது. பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அதிகாரியும் சிரித்தார். கோப்பின் மேல் இறுக்கியிருந்த கை தளர்ந்தது.

“அந்தக் கட்டிடத்தை ஜனங்கள் உபயோகிக்கிறார்களா?” என்றார் தலைவர், அதே குரலில்.

“குழுவே நேரில் பார்த்ததே, சாஹேப்.”

“நான் பார்த்தது எனக்குத் தெரியும். ஜனங்கள் உபயோகிக்கிறார்களா?”

அதிகாரியின் முன்னால் இரண்டு கதவுகள் இருந்தன. இல்லை என்றால், அன்றைக்கு மாவிலை எதற்கு, பஜ்ஜி எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். ஆம் என்றால் எல்லாம் அந்த நிமிடமே முடிந்துவிடும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகலாம். அவர் பஜ்ஜி உறுப்பினரைப் பார்த்தார். உறுப்பினர் கண்ணால் தைரியம் சொன்னார்.

“ஆம். பயன்பாட்டில் இருக்கிறது.”

“பூட்டு கீட்டு ஏதாவது?”

“பூட்டு எதுவும் இல்லை.”

“பலே. எந்தத் தேதியிலிருந்து என்று இப்போது சொல்ல வேண்டாம். எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.”

“உடனே அனுப்புகிறேன், சாஹேப்.”

தலைவர் டப்பாவைத் திறந்தார். சாட்சியம் முடிந்துவிட்டது. என் வேலி அத்தனையும் டப்பாவுக்கு அடியில் மடித்தபடி கிடந்தது.

தாழ்வாரத்தில் அவரை நிறுத்தி, எனக்கு வந்த கோபத்தை மரியாதையாக மடித்து நீட்டினேன். “அவர் சொன்னது பொய், சாஹேப். பூட்டு தொங்குகிறது.”

“தெரியும்.”

“பிறகு ஏன் விட்டீர்கள்?”

“உன் கேள்விகள் நல்ல கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று சொல்லியிருப்பார். அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? இப்போது அவர் சொன்னதைப் பார். சுருக்கெழுத்துக்காரன் எழுதிவிட்டான். நாளைக்கு அதை மாற்ற வேண்டும் என்றால் யாரிடம் வர வேண்டும்? நம்மிடம்தானே?” என்று சொல்லிவிட்டு, செருப்பை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நிறையப் படித்தவன் கேள்வியால் தன் படிப்பைக் காட்டுகிறான். பதில் சொல்பவனுக்கு ஒளிந்துகொள்ள அதில் இடம் நிறையக் கிடைக்கிறது. இதை எனக்கு எந்த நடைமுறைப் புத்தகமும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அதை ரசிக்க நேரம் இல்லை. ஏனென்றால் அடுத்த விதி என் கழுத்தைப் பிடித்தது. குழுவின் முன் சொல்லப்படும் சாட்சியம், அறிக்கை அவையின் முன் வைக்கப்படும்வரை இரகசியம். யாரிடமும் சொல்லக்கூடாது.

“பெரிய ஆபீசரு வந்தாவளாமே. என்ன சொன்னாவ, சாமி?”

“சொல்லக்கூடாது, செல்லத்தாய்.”

“எங்க கக்கூஸப் பத்தி எங்கட்ட சொல்லக்கூடாதோ?”

“விதி.”

“நல்ல விதி. கக்கூஸுக்கு ஒரு பூட்டு, உங்க வாய்க்கு ஒரு பூட்டு. ரெண்டுக்கும் சாவி ஒருத்தர்ட்டயா, வேற வேற ஆளா?”

சில்லறையைக் கொடுத்துவிட்டு நடந்தேன். விதியை மீறிச் சொல்லியிருக்கலாம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சொல்லியிருந்தால், இரகசியத்தை வெளியிட்டது யார் என்பதே பிரச்சினையாகி, பூட்டை எல்லோரும் மறந்திருப்பார்கள். துறைகள் தவம் கிடப்பது அப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குத்தான். விதியை மீறுவது எளிது. அதன் கெடுவைச் சீக்கிரம் முடித்துவைப்பது கடினம்.

முடிப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது: அறிக்கையை அவையின் முன் வைப்பது. கூட்டத்தொடர் மறுநாள் முடிகிறது. விட்டால் அடுத்தது மழையில்தான். மருமகளுக்கு அப்போது மாதம் நெருங்கிவிடும். என் மேலதிகாரி, நல்ல மனிதர், கையை விரித்தார்.

“துறையின் எழுத்துப் பதில் வரவில்லையே ஐயா. பதில் இல்லாமல் எப்படி அறிக்கை?”

“பதில் வரவில்லை என்பதும் அறிக்கைதான் சார். பதில் வந்த பிறகே அறிக்கை என்று விதியில் எங்கே இருக்கிறது?”

அவர் புத்தகத்தைப் புரட்டினார். எங்கும் இல்லை. ஆனால் உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும், ஆளும்கட்சிக்காரர்கள் போடுவார்களா என்றார். அன்று மத்தியானம் முழுவதும் நான் அந்த வரைவோடு உட்கார்ந்திருந்தேன். முதல் வரைவு அருமையாக இருந்தது. ‘வருந்தத்தக்க காலதாமதம்’ இருந்தது, ‘அலட்சியப் போக்கு’ இருந்தது, ‘குழு தன் அதிருப்தியைப் பதிவு செய்கிறது’ என்று ஒரு கம்பீரமான முடிவும் இருந்தது. பஜ்ஜி உறுப்பினர் ஒவ்வொரு அடைமொழிக்கும் சண்டைக்கு வருவார், பொழுது சாயும், கூட்டத்தொடர் முடியும். ஆகவே ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசியில் மூன்று விஷயம்தான் மிஞ்சியது: அமைச்சர் கொடுத்த உறுதிமொழி, குழு போய்ப் பார்த்த விவரம், அதிகாரி சொன்ன பதில், சொன்னது சொன்னபடி. பாராட்டும் இல்லை, கண்டனமும் இல்லை.

பஜ்ஜி உறுப்பினர் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். “பரவாயில்லையே, உங்கள் பிரிவும் நியாயமாக எழுதக் கற்றுக்கொண்டுவிட்டது!” என்று என் முதுகில் தட்டி, முதல் கையெழுத்தை அவரே போட்டார். மறுநாள் அறிக்கை அவையின் முன் வைக்கப்பட்டது. யாரும் கேட்கவில்லை. பாதிப் பேர் ஊருக்கு ரயில் பிடிக்கப் போயிருந்தார்கள். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அது பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நானும் ஒரு பிரதி வாங்கினேன்.

அடுத்த நாள் காலை நடைபாதையில் நின்று, செல்லத்தாய்க்கு அந்தப் பக்கத்தைத் தமிழில் படித்துச் சொன்னேன். கேள்வி இது. பதில் இது. பயன்பாட்டில் இருக்கிறது. பூட்டு எதுவும் இல்லை.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னேன்.

“சர்க்காரா சொல்லுது?”

“சர்க்கார் சபையிடம் சொல்லியிருக்கிறது.”

“அப்ப எங்க சந்துல தொங்குதே, அது என்னது?”

“எனக்குத் தெரியாது. சபை முன் இருக்கும் ஆவணப்படி அங்கே பூட்டு கிடையாது.”

அவள் கீரைக் கட்டைக் கீழே வைத்தாள்.

“இல்லாத பூட்ட ஒருத்தி ஒடைச்சா, அது ஒடைச்ச கணக்காகுமா, சாமி?”

“நான் சபை ஊழியன், செல்லத்தாய். அதற்குப் பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.”

ஊழியன் யோசனை சொல்லக்கூடாது. பொது ஆவணத்தை உரக்கப் படிக்கலாம். எல்லை அதுதான். நான் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றேன். அவள் அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று எங்கள் வீட்டுக்கு வந்த வாழைப்பூ, சிவந்து, பனி சொட்டச் சொட்ட இருந்தது.

நடந்ததை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் பட்டப்பகலில், பட்டறை வைத்திருக்கும் காதர் பாயிடம் சுத்தியல் கேட்டிருக்கிறாள். அவர் கீழக்கரைப் பக்கத்துக்காரர். “என்னத்துக்கு, ஆத்தா?” என்று கேட்டிருக்கிறார். “இல்லாதத ஒடைக்க” என்றிருக்கிறாள். சந்துப் பெண்கள் எல்லோரும் சுற்றி நிற்க, மூன்றாவது அடியில் விட்டுவிட்டதாம். மருமகளைத்தான் முதலில் உள்ளே அனுப்பியிருக்கிறார்கள்.

ஹவல்தார் வந்துவிட்டார். சர்க்கார் சொத்தைச் சேதப்படுத்தினால் ஜெயில் என்று லத்தியைத் தட்டியிருக்கிறார்.

“தாலா கிஸ்னே தோடா?” பூட்டை உடைத்தது யார்?

“கோன்சா தாலா, சாப்?” என்றிருக்கிறாள் செல்லத்தாய். எந்தப் பூட்டு? “சர்க்கார் போலா, தாலா நை. தேகோ, சாப்பேலா ஹை.” பூட்டே இல்லை என்று சர்க்கார் சொல்லியிருக்கிறது, அச்சுப் போட்டிருக்கிறது பார் என்று பிரதியை அவர் மூக்குக்கு நேரே நீட்டியிருக்கிறாள். மேலே சபையின் முத்திரையைப் பார்த்ததும் ஹவல்தார் லத்தியை இடுக்கிக்கொண்டார். முத்திரை போட்ட காகிதத்தோடு போலீஸ் வாதாடாது. துறை எழுத்தில் புகார் கொடுத்தால் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனார்.

புகார்! அங்கேதான் அழகு. பூட்டு உடைந்தது என்று துறை புகார் கொடுத்தால், பூட்டு இருந்தது என்றாகும். பூட்டு இருந்தது என்றால், உயர் அதிகாரி குழுவின் முன் சொன்னது பொய் என்றாகும். போலீஸ் ஆள் அனுப்பிக் கேட்டபோது துறையின் எஞ்சினியர், ‘எங்கள் பூட்டு எதுவும் காணாமல் போகவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என் பணிக்காலத்தில் நான் பார்த்த, முழுவதும் உண்மை இல்லாத, ஆனால் முழுவதும் பயனுள்ள, ஒரே அரசு வாக்கியம் அது. கோணலில்லாமல் எழுதியிருந்தார்.

மறுபடி பூட்ட அவர்களால் முடியவில்லை. இடிக்க முடியவில்லை. விழா நடத்தவும் முடியவில்லை, பயன்பாட்டில் இருப்பதை எப்படித் திறப்பது? ஆடி மாதம் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அமைச்சர் பெயர் வெட்டிய கல்லைப் பெண்கள் பெயர்த்தெடுத்து, குழாயடியில் துணி துவைக்கப் போட்டுக்கொண்டார்கள். வழவழப்பாக இருக்கிறதாம். மெருகேற்றியதற்கு அந்த ஒரு பலன்.

எங்கள் பட்டியலில் மட்டும் அந்த வரி ‘நிலுவை’யாகவே இருந்தது. தலைவர் கேட்ட எழுத்துப் பதில் வரவில்லை. பயன்பாட்டுக்கு வந்த தேதி ஒன்றைத்தான் கேட்டிருந்தோம். ஒரு தேதி, ஒரு வரி. ஆனால் சாட்சியத்துக்கு முந்தின எந்தத் தேதியைப் போட்டாலும் எழுத்தில் பொய். பிந்தின தேதியைப் போட்டால் அதிகாரி சொன்னது பொய். நான் நினைவூட்டல் அனுப்புவேன். விவரம் சேகரிக்கப்படுகிறது என்று பதில் வரும். ஒரு கக்கூஸ் என்றைக்குத் திறந்தது என்ற விவரத்தைச் சேகரிக்க, ஒரு மாநில அரசு இரண்டு மழைக்காலம் எடுத்துக்கொண்டது. தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டே, “நம் ஜூன் ஒன்று சாஹேப் சௌக்கியமா?” என்று கேட்பார். நான் “நிலுவை, சாஹேப்” என்பேன். அந்த வரியை மூடிவிடலாமே, கக்கூஸ்தான் திறந்துவிட்டதே என்று பலர் சொன்னார்கள். அவர் மூட விடவில்லை. அந்த வரி உயிரோடு இருக்கும்வரை பூட்டோடு ஒருவனும் அந்தச் சந்துக்குள் வரமாட்டான் என்றார். அது சரியாகத்தான் இருந்தது.

கடைசியில் பதில் வந்தது. அதில் அதிகாரியின் கையெழுத்து இல்லை. அவர் இடத்துக்கு வந்தவர் போட்டிருந்தார். ‘மேற்படி பொதுச் சுகாதார வசதிக் கட்டிடம், பொதுமக்களின் ஒத்துழைப்புடன், முறைப்படி பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. உறுதிமொழி நிறைவேறியதாகக் கொள்ளலாம்’ என்று எழுதி, திறந்த நாள் என்று ஒரு தேதியும் போட்டிருந்தார்கள். செல்லத்தாய் சுத்தியல் எடுத்த தேதி.

அன்று மாலை அவளிடம் சொன்னேன். பேத்தி அவள் மடியிலிருந்து கீரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

“பொதுமக்கள் ஒத்துழைப்புன்னா என்ன, சாமி?”

“நீ உடைத்தாயே, அதுதான்.”

“அப்ப தெறப்பு விழா நடத்துன மந்திரி நாந்தானா?” என்று தேங்காய்க்காரனைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “சுத்தியலு காதர் பாய்ட்ட வாங்குனது. அவரு பேரையும் போடச் சொல்லுங்க” என்றாள்.

பேர் சேர்க்கச் சொல்லி எழுதவில்லை. எழுதியிருந்தால் அதற்கும் அவகாசம் கேட்டிருப்பார்கள். பட்டியலில் ‘நிலுவை’யை அடித்து ‘நிறைவேறியது’ என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில், பதிலின் தேதி என்ற தலைப்பின் கீழ், கடிதத்தின் மேல் இருந்த தேதியைப் பார்த்து நிரப்பினேன். உயர் அதிகாரி முந்தின நாள்தான் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றிருந்தார்.

2 ஜூன் 1966.